நெருப்புப் படம் போட்ட டப்பா

அந்த டப்பா வீட்டுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் கண்ணாடியக்கா எல்லாத் திரைச்சீலைகளையும் துவைத்து மாட்டிவிட்டாள். சமையலறை அலமாரிகளைக் காலி செய்து, துடைத்து, மறுபடி அடுக்கிவிட்டாள். ஆறு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த மின்விசிறியைக் கழற்றிக் கழுவிப் பூட்டி, சுற்றுகிறதா என்றும் பார்த்துவிட்டாள். பன்னிரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு அவள் புருஷன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தபோது, ஏணியில் நின்று கூரையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது வராங்களா?" என்று கேட்டான்.

"யாரும் வரல. எனக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான்" என்றாள். குரலில் அலுப்பே இல்லை. சிரித்தாள்.

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது அவன் தொழில். ஓர் இயந்திரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் அவனுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஆனால் இது மனைவி. ஆறு வருடமாக இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு சோபாவில் சாய்ந்து தூங்கிப்போகிறவள். 'சார்ஜே ஏறாத போன்' என்று அவன்தான் அவளைக் கேலி செய்வான். இப்போது சந்தோஷமாக இருக்கிறாளே, கெடுப்பானேன் என்று காபி போடப் போய்விட்டான்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடமாக ஒரு கண்ணாடிக் கடையின் பட்டறையில் வெட்டும் வேலை. ஜன்னல் கண்ணாடி, மேஜைக் கண்ணாடி, ஆளுயர நிலைக்கண்ணாடி எதுவானாலும் அவள் கைக்குத்தான் முதலில் வரும். ஆறு வருடத்துக்கு முன்னால் கை காலெல்லாம் சில்லிட்டு, முடி கொட்டி, மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காரும்படி ஆனபோது டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி சோம்பிக் கிடக்கிறது என்றார். அன்றிலிருந்து தினம் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் போட்ட பிறகு கொஞ்சம் தேவலையானது. ஆனால் முழுதாக விழித்துக்கொண்ட மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை.

அவளை ஜிம்முக்கு இழுத்துப் போனது நாத்தனார். புருஷனுக்குத் தங்கை, முப்பத்து மூன்று வயது, நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சின்ன வயதில் வீட்டில் வைத்த 'வாலு' என்ற பெயர் டெப்போ வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்தாள். "அண்ணி, சும்மா வேடிக்கை பார்க்க வாங்க" என்றுதான் கூப்பிட்டாள்.

வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் கோச் தரையில் கிடந்த கம்பியைக் காட்டி, "இதைக் குனிஞ்சு எடுத்து நிமிர்ந்து நில்லுங்க, போதும்" என்றார். இரண்டு பக்கமும் தட்டு மாட்டி நாற்பது கிலோ. அவள் ஏதோ காய்கறிப் பையைத் தூக்குகிற மாதிரி எடுத்து நிமிர்ந்துவிட்டு, "எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். பத்தொன்பது வருடம் கண்ணாடிப் பாளங்களைத் தூக்கிய முதுகும் விரல்களும் என்ன என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அந்த வாரமே ஜிம்மில் எல்லோருக்கும் அவள் 'கண்ணாடியக்கா' ஆகிவிட்டாள்.

அதன் பிறகுதான் போட்டி விவரம் வந்தது. பெண்கள் இருவர் இருவராகச் சேர்ந்து பளு தூக்கும் போட்டி. இருவரும் தூக்கும் எடையைக் கூட்டிப் பரிசு. "அண்ணியும் நாத்தனாரும் ஒரே அணியா? பேப்பர்லயே போடுவாங்க" என்றாள் வாலு. பெயரும் கொடுத்துவிட்டாள்.

ஆனால் கண்ணாடியக்காவின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மூன்று முறை தூக்கினால் நான்காவது முறைக்குப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். கண் செருகும். போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லாத ஒரு சாயங்காலம், வாலு ஒரு கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். மேலே கொழுந்துவிட்டு எரியும் நெருப்புப் படம். 'தைராய்டை முடுக்கிவிடும், கொழுப்பை எரிக்கும், வலிமை கூட்டும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"பாடி பில்டருங்க மேடை ஏறுறதுக்கு முன்னாடி இதைத்தான் போடுறாங்களாம். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாருங்க அண்ணி. தைராய்டுன்னு பேரே போட்டிருக்கு."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"இது மருந்தா என்ன? சப்ளிமென்ட். கடல்பாசி, வைட்டமின், ஏதோ செடியோட சாறு. புரோட்டீன் பவுடர் பக்கத்துல அடுக்கி வச்சு விக்கிறது. இதுக்குப் போய் யாராவது டாக்டரைப் பார்ப்பாங்களா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தினம் இரண்டு கேப்ஸ்யூல். டப்பாவில் தொண்ணூறு இருந்ததால் வாலுவும் பாதியை ஒரு பழைய பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தைராய்டு கோளாறு எதுவும் இல்லை. இடுப்பில் இரண்டு கிலோ குறைந்தால் நல்லது என்பதுதான் அவள் கணக்கு.

நான்காம் நாள் கண்ணாடியக்காவுக்கு உலகம் மாறியது. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவள், தான் ஓடுகிறோம் என்பதை இரண்டாவது மாடியில்தான் கவனித்தாள். கைகள் சூடாக இருந்தன. ஆறு வருடமாகச் சில்லிட்டுக் கிடந்த அந்தக் கைகளைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டாள். பட்டறையில் பாடினாள். ஜிம்மில் எழுபது கிலோவைத் தாண்டி எண்பது, பிறகு எண்பத்தைந்து. பத்தாம் நாள் தொண்ணூற்றைந்து கிலோவைத் தூக்கி நிறுத்தியபோது கோச் விசில் அடித்தார். மொத்த ஜிம்மும் கை தட்டியது. வாலு அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இவ்வளவு நாளும் நான் பாதிதான் உயிரோடு இருந்திருக்கிறேன் என்று கண்ணாடியக்காவுக்குத் தோன்றியது. இரண்டு கேப்ஸ்யூல் இவ்வளவு செய்யும் என்றால் மூன்று? யாருக்கும் சொல்லாமல் மூன்றாக்கினாள். பிறகு நான்கு.

வேர்த்துக் கொட்டியது, அது உழைப்பு என்று நினைத்தாள். எவ்வளவு சாப்பிட்டாலும் பசித்தது, எடையோ குறைந்தது, அதுவும் நல்லதற்கே என்று நினைத்தாள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. போட்டி நெருங்குகிறதே, படபடப்பு இருக்காதா? ஸ்பூன் இடம் மாறியதற்காகப் புருஷனிடம் கால் மணி நேரம் சண்டை போட்டாள். அதற்கு மட்டும் அவளிடம் சமாதானம் எதுவும் இல்லை.

பதினைந்தாம் நாள் பட்டறைக்கு ஒரு நடனப் பள்ளியின் வேலை வந்தது. ஆறடி உயரத்தில் எட்டு நிலைக்கண்ணாடிகள். நான்கை முந்தின நாளே வெட்டி முடித்து, கடை வேனின் பக்கவாட்டுச் சட்டத்தில் நிறுத்திக் கட்டியாகிவிட்டது. மீதி நான்கை வெட்ட, கம்பளி விரித்த நீள மேஜையில் பாளத்தைப் படுக்க வைத்தாள். வெட்டுச் சக்கரத்தை எண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நல்ல கோடு விழுந்தால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி மெல்லிய ஓசை வரும். அன்று வந்தது மணலை அரைக்கிற சத்தம். குனிந்து பார்த்தாள். கோடு தலைமுடி மாதிரி நெளிந்து கிடந்தது.

சக்கரம் மழுங்கிவிட்டது என்று புதிதை மாட்டினாள். இரண்டாவது பாளத்தில் கோடு இன்னும் நெளிந்தது. விளிம்பைப் பிடித்து அழுத்தியதும் விரிசல் கோட்டை விட்டு விலகி, குறுக்கே பாய்ந்து, பாளம் மூன்றாகப் பிளந்து விழுந்தது.

முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். உடைந்ததைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷத்துல உன் கோடு வளைஞ்சு நான் பார்த்ததில்லம்மா. கை நடுங்குது பாரு."

"இல்லீங்க, சக்கரம்தான் சரியில்ல."

"சக்கரம் மேஜை மேல இருக்கு. நடுங்குறது உன் கை. இன்னிக்கு நீ கண்ணாடி கிட்ட வரக் கூடாது, டாக்டர் கிட்டதான் போகணும்" என்று சொல்லிவிட்டு, வேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

டிரைவரைப் பட்டறையில் 'ரேடியோ' என்பார்கள். சாவியைத் திருகினால் வண்டியோடு சேர்ந்து அவன் வாயும் ஓட ஆரம்பிக்கும். நடனப் பள்ளிக்குக் கொண்டுபோகும் நான்கு கண்ணாடிகளோடு அவளையும் ஏற்றிக்கொண்டு, கிளினிக் வாசல் வரைக்கும் தன் மைத்துனியின் கல்யாணத்தில் நடந்த குளறுபடியைச் சொல்லிக்கொண்டே போனான். அவள் காதில் எதுவும் விழவில்லை. மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுக்கும் அதே டாக்டரம்மாதான். கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது காற்றில் கிடக்கும் இலை மாதிரி படபடத்தது. நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சும்மா உட்கார்ந்திருக்கீங்க, நூத்தி இருபத்தி நாலு அடிக்குது. புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அவள் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தாள். கையோடு கொண்டுபோகிற பழக்கம் வந்திருந்தது. டாக்டர் நெருப்புப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"கடல்பாசின்னு போட்டு அயோடினை அள்ளிக் கொட்டியிருக்காங்க. காபியில இருக்கிற கேஃபீன் வேற. கடைசியில 'சிறப்புக் கலவை'ன்னு ஒரு வரி. அந்தக் கலவையில என்ன இருக்குன்னு எழுதல. இந்த மாதிரி டப்பாக்களைப் பரிசோதனை செஞ்சப்ப, பலதுல தைராய்டு ஹார்மோனே இருந்திருக்கு. வெளியில சொல்லாம உள்ள போட்டிருக்காங்க. இதுலயும் இருக்கலாம். உங்க கையைப் பார்த்தா இருக்கும்னுதான் தோணுது."

"ஆனா டாக்டர், எனக்கு நல்லா இருந்துச்சு. ஆறு வருஷத்துல இப்பதான் நல்லா இருந்துச்சு."

"இருக்கும். வண்டியில ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருந்தா போறதுக்கு நல்லாத்தான் இருக்கும். நீங்க ஏற்கெனவே ஒரு மாத்திரை போடுறீங்க, அதுக்கு மேல இதையும் போட்டா இதயம் தாங்காது. எலும்பும் அரிச்சுப் போகும்." டாக்டர் டப்பாவை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "ரத்தம் இன்னிக்கு எடுக்கப் போறதில்ல. இதுல பயோட்டின்ங்கிற வைட்டமின் நிறைய இருக்கு, அது பரிசோதனையையே ஏமாத்திடும். இதை நிறுத்தி மூணு நாள் கழிச்சு எடுப்போம். அதுவரைக்கும் உங்க மாத்திரையும் வேண்டாம். படபடப்புக்கு ஒண்ணு தரேன், இங்கயே போட்டுக்குங்க."

அவள் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டாக்டர் எழுதிக்கொண்டே, "வீட்டுல வேற யாராவது இதைச் சாப்பிடுறாங்களா?" என்றார்.

"என் நாத்தனார்."

"அவங்களுக்குத் தைராய்டு உண்டா?"

"ஒண்ணும் கிடையாது. நல்லா இருக்கா."

"என்ன வேலை?"

"பஸ் ஓட்டுறா."

டாக்டரின் பேனா நின்றது. "இப்ப எங்க இருக்காங்க?"

கண்ணாடியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பதினைந்து. "பஸ்லதான்."

வண்டி ஓட்டும்போது வாலு போனை அணைத்து வைத்துவிடுவாள். இரண்டு முறை அடித்தும் அணைக்கப்பட்டிருப்பதாகவே வந்தது. டெப்போ எண் ஓயாமல் பேச்சில் இருந்தது. கண்ணாடியக்கா எழுந்துவிட்டாள்.

"ஓடாதீங்க" என்றார் டாக்டர். "உங்களுக்கும்தான் சொல்றேன். வண்டியில போங்க. நான் டெப்போவுக்கு அடிச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

வேனில் ஏறியதும், "பதினாலாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றாள்.

ரேடியோ வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடினான். மூன்று விநாடி கழித்துத்தான் கேட்டான்: "எந்தப் பக்கம் போகுதுக்கா?"

தினம் சாப்பாட்டு மேஜையில் வாலு புலம்பும் புலம்பலால் அந்தத் தடத்தின் நேரம் அவளுக்கு மனப்பாடம். பதினொன்று பத்துக்கு ரயில் நிலையத்தை விடும். இருபத்தைந்துக்கு நூலகம். அதற்கப்புறம் ஆற்றுப் பாலம். பாலம் இறங்கினால் ஒரே சரிவு. சரிவின் அடியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். அதற்கு மேல் அவள் யோசிக்க விரும்பவில்லை.

"நூலகத்துக்கு விடு. பாலத்துக்கு முன்னாடி பிடிக்கணும்."

"பின்னாடி நாலு கண்ணாடி நிக்குதேக்கா. வேகமா திருப்பினா அத்தனையும் போச்சு."

"நான் கட்டின கட்டு அது. அசையாது. விடு."

ரேடியோ விட்டான். பக்கவாட்டில் நின்ற நான்கு நிலைக்கண்ணாடிகளிலும் தெருவே எதிர்ப்பக்கமாக ஓடியது. கடைகள், மரங்கள், சைக்கிள்காரர்கள், திறந்த வாயோடு திரும்பிப் பார்த்த ஒரு தபால்காரர். சந்தைத் தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ரேடியோ தலையை வெளியே நீட்டி, தன் இருபது வருட அனுபவத்தையும் சேர்த்து லாரிக்காரனிடம் இரண்டே வாக்கியத்தில் பேசினான். லாரி நகர்ந்தது. பல் மருத்துவமனை முக்கில் திரும்பியபோது, அதோ தூரத்தில் பச்சைப் பேருந்தின் முதுகு தெரிந்தது. பதினாலு.

"சிக்னல் விழப் போகுது" என்றான் ரேடியோ. "அதைத் தாண்டிட்டான்னா நூலகம் ஒரு நிறுத்தம்தான், அப்புறம் நேரா பாலம்."

சிக்னல் விழுந்தது. பேருந்து அதைத் தாண்டி நூலக நிறுத்தத்தில் ஒதுங்கியது. வேன் சிக்னலுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியக்கா கதவைத் திறந்து இறங்கினாள். ஓடாதே என்று சொல்லியிருந்தார் டாக்டர். அவள் ஓடவில்லை. ஆனால் அதை நடை என்றும் யாரும் சொல்ல முடியாது. கடைசியாக ஏறிய பெரியவரின் முதுகுக்குப் பின்னால் கதவு மூடப் போனபோது, கையை நுழைத்துவிட்டாள்.

"யாரது, கையை எடுங்க" என்று அதட்டிக்கொண்டே வாலு திரும்பினாள். "அண்ணி? நீங்க எங்க இங்க? டிக்கெட் எடுத்தீங்களா?"

கண்ணாடியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். சட்டைக் கழுத்து நனைந்து கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. கண்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக விழித்துக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு துடிப்பது வெளியே தெரிந்தது. பதினைந்து நாளாகத் தினம் பார்த்த முகம்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்ததால் ஒருத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கண்ணாடியக்கா டிரைவர் இருக்கைக்கு அருகில் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கேப்ஸ்யூல் தினம் எத்தனை போடுற?"

"ரெண்டு."

"வாலு."

"ரெண்டுதான் அண்ணி."

"உண்மையைச் சொல்லு."

வாலு ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். "அஞ்சு. நீங்க?"

"நாலு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

"காலையிலேருந்து உள்ள ஒரு மீன் துள்ளிக்கிட்டே இருக்கு" என்றாள் வாலு மெதுவாக. "ஒரு தடவை கண்ணுல பூச்சி பறந்துச்சு. வெயில்னு நெனச்சேன்." பின்னால் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். "பாலத்தைத் தாண்டி டெப்போ பக்கமா நிறுத்திடுறேன் அண்ணி. இங்க நிறுத்தினா எழுதிக் கொடுக்கணும், விசாரணை வரும்."

"தாண்ட வேண்டாம். இங்கயே நிறுத்து."

"நாப்பது பேர் இருக்காங்க."

"அதனாலதான் சொல்றேன்."

வாலு ஒரு கணம் பாலத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பிரேக்கைப் போட்டாள், எஞ்சினை அணைத்தாள், ஆபத்து விளக்கை எரியவிட்டாள். வயர்லெஸ்ஸில் டெப்போவுக்கு, மாற்று டிரைவர் வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். இருக்கையில் அமர்ந்தபடியே பயணிகள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். வண்டி நல்லா இருக்கு. டிரைவர்தான் நல்லா இல்ல. பத்து நிமிஷத்துல வேற ஆள் வருவாங்க."

முணுமுணுத்தவர்கள் அடங்கினார்கள். கடைசியாக ஏறிய பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கக் கையை நீட்டி எழுந்த வாலு அப்படியே மடங்கினாள். கண்ணாடியக்கா அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். பெரியவர் கால் பக்கம் பிடிக்க, இருவருமாகப் படி இறக்கினார்கள். வேன் அதற்குள் வந்து நின்றிருந்தது. மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான். முன் இருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார, வாலுவின் தலை அண்ணி தோளில் கிடந்தது. "போட்டிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு அண்ணி" என்று அவள் முனகினாள்.

"வாயை மூடு" என்றாள் கண்ணாடியக்கா. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அவசரப் பிரிவில் வாலுவின் மார்பில் வயர்களை ஒட்டியதும் திரையில் நூற்று அறுபத்திரண்டு என்று வந்தது. அதுவும் சீராக இல்லை. ஓடி, தடுக்கி, மறுபடி ஓடியது. ஊசி போட்டார்கள். சொட்டு மருந்து ஏற்றினார்கள். பக்கத்தில் நின்று படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கண்ணாடியக்காவின் கையைப் பார்த்த நர்ஸ், "நீங்களும் பக்கத்துக் கட்டில்ல படுங்க" என்று அவளுக்கும் வயர் மாட்டிவிட்டாள்.

புருஷன் வேலை உடையோடு, கையில் ஸ்பேனரோடு ஓடி வந்தான். அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. இந்தக் கட்டிலில் தங்கை, அந்தக் கட்டிலில் மனைவி. இரண்டு திரையிலும் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

"யாரை முதல்ல திட்டறதுன்னு தெரியல" என்றான். நடுவில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாலுவின் திரையில் எண் தொண்ணூற்று நான்குக்கு இறங்கியது. தாளமும் சீரானது. இதயத்துக்கு நிரந்தரமாக எதுவும் ஆகவில்லை, நல்ல வேளையாக வண்டியை நிறுத்தினீர்கள் என்றார் பணியிலிருந்த டாக்டர். வாலு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றாள்.

"நீ ரெண்டுதான் கொடுத்த. நாலாக்கினது நான்" என்றாள் அண்ணி.

மூன்று நாள் கழித்து ரத்த முடிவு டாக்டர் நினைத்த மாதிரியே வந்தது. உடம்பில் ஹார்மோன் தேவைக்கு மூன்று மடங்கு இருந்தது. வாலுவுக்கும் அப்படியே. அவளுடைய நல்ல சுரப்பி, வெளியிலிருந்து வந்ததைப் பார்த்து வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது. மறுபடி எழுந்து வர வாரக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். அதுவரைக்கும் பேருந்தும் இல்லை, பளுவும் இல்லை.

கண்ணாடியக்காவுக்கு அன்று கோபம் வந்தது. டப்பாவின் மேல் அல்ல. "மறுபடி பழையபடி தூங்கி வழியணுமா டாக்டர்? விழிச்சிருக்கிறது எப்படி இருக்கும்னு காட்டிட்டுப் பிடுங்கிட்டீங்க. அதுக்கு எனக்குக் காட்டாமலே இருந்திருக்கலாம்."

டாக்டர் அவளுடைய பழைய சீட்டுகளைப் புரட்டினார். ஆறு வருடமாக இந்தப் பெண் 'பரவாயில்லை டாக்டர்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. "உங்க வெள்ளை மாத்திரையை எப்படிப் போடுறீங்க? காலையில எழுந்ததுலேருந்து வரிசையா சொல்லுங்க."

"எழுந்ததும் வெறும் வயித்துல. நீங்க சொன்ன மாதிரியேதான்."

"எதோட?"

"காபியோட."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "காபி அந்த மருந்தை உடம்புல முழுசா சேரவிடாது. போட்டதுல பாதி எங்கேயோ போயிருக்கு. நானும் கேட்டிருக்கணும், கேட்கல. மூணு வாரம் கழிச்சு மாத்திரையை ஆரம்பிப்போம். தண்ணியோட போடுங்க. ஒரு மணி நேரம் காபி கிடையாது. ஆறு வாரத்துல ரத்தம் பார்த்து அளவைச் சரி பண்ணுவோம்."

"ஆறு வருஷமும் காபியாலயா?"

"எல்லாமே அதனாலன்னு சொல்ல மாட்டேன். ஆனா பெரும்பகுதி இருக்கும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, தினம் காலையில் அந்தக் காபியைப் போட்டுக் கையில் கொடுத்த புருஷன் முகம் போன போக்கைப் பார்த்து, வாலு மூன்று நாளுக்குப் பிறகு முதல் முறையாக விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதல் சில வாரங்கள் கொடுமையாகத்தான் இருந்தன. உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. போட்டி அவர்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. கோச் நடக்க மட்டும் விட்டார். கூடவே ஜிம்மில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு என்னென்ன விழுங்குகிறீர்கள் என்று கேட்டார். நெருப்புப் படம் போட்ட டப்பாக்கள் இன்னும் மூன்று வெளியே வந்தன. கண்ணாடியக்காவின் டப்பாவை டாக்டர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். உள்ளே ஹார்மோன் இருந்தது உறுதியானது. இரண்டு மாதத்தில் அது கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது.

பட்டறைக்கு அவள் மூன்றாம் வாரமே திரும்பிவிட்டாள். ஆனால் ஒன்பதாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. தூக்கம் வரவில்லை. நெஞ்சும் அடித்துக்கொள்ளவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, அசையாமல் நின்றது. அந்த மகிழ்ச்சியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிரில் ரேடியோதான் இருந்தான். அவனிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஏழு மாதம் கழித்து அடுத்த போட்டி. வாலு பேருந்துக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. விளக்கு வெளிச்சம் கொட்டும் பெரிய கூடம். அணிகள் பதினொன்று. வாலு முதலில் ஏறி நூற்றைந்து கிலோ தூக்கினாள். கண்ணாடியக்காவின் முதல் இரண்டு தூக்குகள் தொண்ணூறும் நூறும். மூன்றாவதுக்கு எத்தனை கிலோ எழுத என்று மேஜையில் கேட்டார்கள். கோச் நூற்றைந்து என்று சொல்ல வாயெடுத்தார்.

"நூத்தி பத்து" என்றாள் அவள்.

"அண்ணி, இதுவரைக்கும் தூக்கினதே இல்லையே" என்று வாலு காதில் கிசுகிசுத்தாள்.

"தெரியும்."

மேடை ஏறினாள். கைகளில் சுண்ணப்பொடி பூசிக்கொண்டாள். குனிந்து கம்பியைப் பிடித்தாள். கூடம் அடங்கியது. இழுத்தாள். கம்பி அசையவில்லை. விடவில்லை. மூச்சைக் கட்டி, தரையைக் காலால் தள்ளினாள். கம்பி ஒரு விரல் எழும்பியது. பிறகு கெண்டைக்கால், முழங்கால். முழங்காலில் ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியில் வாலு மேடைக்குக் கீழே தானே தூக்குகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். மேலே அண்ணியும் நிமிர்ந்துவிட்டாள். தூக்கு செல்லும் என்று நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளையாக எரிந்தன.

அந்த அணிக்கு நான்காம் இடம்தான் கிடைத்தது. கீழே இறங்கி வந்தவளை வாலு தூக்கிச் சுற்றினாள். புருஷன் போனைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தான். கண் நனைந்திருந்தது.

"வீடியோ எடுத்தீங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். பட்டனையே அழுத்தியிருக்கவில்லை.

"பரவாயில்ல விடுங்க" என்றாள் கண்ணாடியக்கா. "அடுத்த தடவை நூத்தி பதினஞ்சு. அப்ப எடுத்துக்கலாம்."